கவாய்க்கு அழைப்பு வந்திருக்கிறதா? சரவாக் நீண்ட வீட்டில் துவாக் அருந்தும் முறை, புதியவர்களுக்கு

மலேசியாவின் போர்னியோ தீவு மாநிலமான சரவாக்கில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்களுக்கு, மே மாதம் பிறந்ததும் ஓர் அழைப்பு வந்துவிடும். கூட வேலை பார்க்கும் நண்பர், அந்த மண்ணின் இபான் இனத்தவர், "இந்தக் கவாய்க்கு எங்க ஊருக்கு வாங்க" என்பார். கவாய் என்பது அவர்களுடைய அறுவடைத் திருநாள். ஊர் என்றால் அநேகமாக ஒரு நீண்ட வீடு. இருபது, முப்பது குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் வீடு அது. அங்கே போனால் துவாக் என்ற மதுவை ஊற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஊற்றுவார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களா, கையில் என்ன கொண்டுபோவது, என்ன பேசுவது என்பதெல்லாம் தெரியாமல் நம்மவர்களில் பலர் நழுவிவிடுகிறார்கள். நழுவ வேண்டிய அவசியமே இல்லை. நீண்ட வீட்டில் குடிக்கும் திறமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கொடுப்பதை முறையாக வாங்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கிளாஸில் இருப்பது என்ன

தீபகற்ப மலேசியாவில் துவாக் என்றால் கள்ளையும் சொல்வார்கள். சரவாக்கில் இபான் வீட்டில் அது அரிசி மது. புளுட் எனப்படும் ஒட்டும் அரிசியை வேகவைத்து, ஆறவைத்து, ராகி என்ற புளிப்பு வில்லையைத் தூவிப் புளிக்கவைத்து எடுப்பது. (இந்த ராகிக்கும் நம்முடைய கேழ்வரகுக்கும் சம்பந்தமில்லை. கடையில் கேட்கும்போது குழம்ப வேண்டாம்.) பிடாயு மக்கள் அரிசியோடு கரும்புச் சாற்றிலும் தம்போய் என்ற காட்டுப் பழத்திலும் துவாக் செய்கிறார்கள். சபாவில் கடசான் டூசுன் மக்களின் லிஹிங், தப்பாய் எல்லாம் இதற்கு உறவு முறைதான் என்றாலும், அவர்களுடைய அறுவடைப் பெருநாளான காமத்தானும் குடிக்கும் முறையும் வேறு. இந்தக் கட்டுரை இபான் வீட்டோடு நிற்கிறது.

இளம் துவாக் கலங்கலாக, பால் நிறத்தில் இருக்கும். இனிப்பு தூக்கலாகவும் பின்னால் ஒரு புளிப்பும் வரும். நாள்பட்டது தெளிந்து வெளிர் மஞ்சளாகிவிடும். இனிப்பு இறங்கி வீரியம் ஏறியிருக்கும். எவ்வளவு வீரியம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் பீர் அளவுக்கு இருக்கும், அடுத்த கதவில் திராட்சை வைனைத் தாண்டியிருக்கும். புதியவர்கள் ஏமாறுவது இனிப்பில்தான். பழரசம் போல இறங்கும், முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து நிற்கும்போதுதான் கால் சொல்லும்.

துவாக் காய்ச்சி வடித்த சரக்கு இல்லை, வெறுமனே புளிக்க வைத்தது. கள்ளச்சாராயச் சாவுகளைச் செய்தியில் பார்த்துப் பார்த்து, வீட்டில் செய்த எதைக் கண்டாலும் பயப்படுகிற நமக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனால். அரிசியும் ராகியும் சீனியும் போட்டுப் புளிக்க வைக்கும் பானையில் அந்த வேலை நடப்பதில்லை. ஆனால் துவாக்கையே வடித்து எடுக்கும் லங்காவ் என்று ஒன்று உண்டு. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், தொண்டையில் நெருப்பாக இறங்கும். சின்ன கிளாஸில் தெளிந்த பானம் வந்தால் "இது துவாக்கா, லங்காவா?" என்று கேட்டுவிட்டு வாயில் வையுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு லங்காவ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அரிசிக்கு ஏன் இந்த மரியாதை

போவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அங்கே நடப்பதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

இபான் மக்கள் தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, மேட்டு நெல் போட்டு வாழ்ந்தவர்கள். நெல்லுக்கு ஆவி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஆவியை செமெங்கட் பாடி என்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் பாடி புன் என்ற தங்கள் மூல நெல்லை விதையாகக் காத்து, வருடா வருடம் நட்டு வந்தது. நிலத்துக்கு உரிய தெய்வம் புலாங் கானா. உழைப்பு நெல்லாகி, நெல் அரிசியாகி, அந்த அரிசி துவாக்காகி, முதலில் தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் போகும். அப்புறம்தான் மனிதருக்கு. ஆக, விருந்தாளி கையில் வரும் கிளாஸ் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேருவது. அந்த வீட்டின் ஒரு வருட விளைச்சலில் ஒரு பங்கு அது.

இன்றைக்கு இபான் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பல வீடுகளில் பழைய படையலுக்குப் பதிலாகத் தேவாலயப் பாடலும் ஜெபமும் நடக்கும். நெல் விதைக்காமல் நகரத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குடும்பங்கள் கடையில் வாங்கிய புளுட் அரிசியில்தான் துவாக் போடுகின்றன. அதனால் துவாக்கின் இடம் குறைந்துவிடவில்லை. கவாய் நெருங்கும்போது, பிந்துலுவிலும் மீரியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் வீடு திரும்புவதற்கு முன்பே பானை நிரம்பியிருக்க வேண்டும் என்று தாய்மார்கள் பரபரப்பதை இப்போதும் பார்க்கலாம்.

எப்போது போவது

கவாய் டாயாக் ஜூன் 1. ஜூன் 2-ம் சரவாக்கில் பொது விடுமுறை. இபான், பிடாயு முதலிய டாயாக் மக்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நாள் என்ற ஏற்பாடு பழையதல்ல. 1957-இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில்தான் இந்த யோசனை எழுந்தது. காலனி அரசு டாயாக் பெயரில் விழாவுக்கு விடுமுறை தர மறுத்து, அதே நாளை சரவாக் தினம் என்று வைத்தது. 1964 செப்டம்பரில்தான் கவாய் டாயாக் அரசிதழில் ஏறியது. 1965 ஜூன் 1 அன்று முதல் முறையாக அதிகாரபூர்வமாகக் கொண்டாடினார்கள். தனித்தனிச் சடங்குகளாக இருந்த பழைய கவாய்கள் அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியவை.

மே 31 மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். முக்கியமானதெல்லாம் அன்று இரவுதான். அழைத்தவர் ஜூன் 1 பகலில் வரச் சொன்னால் அதுவும் நல்லதே. அன்று ஙாபாங் நடக்கும். கதவு கதவாகப் போய் வாழ்த்துச் சொல்லி, எல்லா வீட்டிலும் கொஞ்சம் தின்று குடிக்கும் சுற்று அது. விழா அத்தோடு முடிந்துவிடாது. ஜூன் முழுக்கவே கவாய் மாதம்தான். மாதக் கடைசியில் பாயைச் சுருட்டும் சடங்கோடு பல இடங்களில் அதை முடித்து வைப்பார்கள். அதனால் முதல் நாள் தவறிவிட்டாலும் ஜூன் மத்தியில் ஒரு சனிக்கிழமை போனால் வரவேற்பு குறையாது. கூட்டமும் குறைவு, பேசவும் நேரம் கிடைக்கும். கூச்சசுபாவம் உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அழைப்பு இல்லாமல் யார் வீட்டுக்கும் போய் நிற்காதீர்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், சந்துபோங்கில் இருக்கும் சரவாக் கலாச்சாரக் கிராமத்திலோ, கூச்சிங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் உள்ள பிடாயு மக்களின் அன்னா ரய்ஸ் நீண்ட வீட்டிலோ தொடங்கலாம். இரண்டு இடத்திலும் பார்வையாளர்களுக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள். பத்தாங் ஆய் பகுதி இபான் வீடுகளுக்குப் போவதானால் வழிகாட்டியோடு, முன்கூட்டியே சொல்லிவைத்துப் போங்கள். சாலைப் பயணத்துக்குப் பிறகு படகும் உண்டு.

கிளம்பும் முன்

தீபகற்பத்திலிருந்து வருகிறவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மலேசியராகவே இருந்தாலும் சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை உண்டு.

அழைத்தவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் அந்த வீட்டில் சாவு ஏதும் உண்டா என்பது முதலாவது. துக்க காலத்தை உலிட் என்பார்கள். அது முடியும்வரை ஆட்டம் பாட்டம் கூடாது. இரண்டாவது, படையல் உண்டா, தேவாலய முறையா என்பது. மூன்றாவது, இரவு எங்கே தூங்குவது. இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஏனென்றால் துவாக் குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது. 2020-இல் மலேசியா சட்டத்தைத் திருத்தி, வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மது அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. தண்டனையும் கடுமையானது. சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், கவாய் இரவில் மலைச்சாலை இருட்டும் வளைவும் போதும். தங்குவதற்குப் பாயும் கொசுவலையும் எப்படியும் கிடைக்கும். மாற்றுடை ஒன்றும் மெல்லிய போர்வை ஒன்றும் எடுத்துக்கொண்டால் சரி.

வெறுங்கையோடு போகாதீர்கள். விலை உயர்ந்த பரிசு தேவையில்லை. காப்பித்தூள், சீனி, பிஸ்கட் டின், குழந்தைகளுக்கு இனிப்பு இவை நல்லது. பல குடும்பங்கள் ஒன்றாக இருக்கிற இடம் என்பதால், பிரித்துக் கொடுக்க முடிகிற பொருளாக இருக்கட்டும். அழைத்தவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். நாமே ஒவ்வொரு கதவாகப் போய் விநியோகிப்பது அழகாக இருக்காது. நம் வீட்டு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனால் அரிசிப் பலகாரம் என்று ஆர்வமாகக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

வயிறு காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். நாலு மணிக்கே சோறு சாப்பிட்டுவிடுங்கள்.

உள்ளே நுழையும்போது

செருப்பை வெளியே விடுங்கள். ஏறியதும் நீங்கள் நிற்கிற நீளமான கூடம் ருவாய். வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும், எல்லோருக்கும் பொது. ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் பிலிக். நீண்ட வீட்டின் அளவைக் கதவுக் கணக்கில்தான் சொல்வார்கள். வெளியே திறந்த மேடை தஞ்சு, நெல் காயவைக்கிற இடம். வீட்டுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. அவர் துவாய் ரூமா. அழைத்தவர் உங்களை முதலில் அவரிடம் கூட்டிப்போவார். கை கொடுத்து வணக்கம் சொல்லுங்கள். அப்பா வயதுக்காரரை அப்பாய் என்றும் அம்மா வயதுக்காரரை இண்டாய் என்றும் கூப்பிடலாம். தாத்தா அகி, பாட்டி இனி. நண்பர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே கூப்பிட்டால் தவறு வராது.

விருந்தாளிகள் கூட்டமாக வரும் நாளில் வரவேற்பே துவாக்கோடுதான். நியிபுர் தெமுவாய் என்பது அதன் பெயர். வீட்டார் ருவாயில் வரிசையாக உட்கார்ந்தோ நின்றோ இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேத்தல் அல்லது ஜாடி, ஒரு சின்ன கிளாஸ். நீங்கள் வரிசையில் நடந்து போக, முதல் இண்டாய் கிளாஸை நிரப்பி நீட்டுவார். நீங்கள் வாய் வைத்துக் கொடுத்ததும் அடுத்தவர் நீட்டுவார். அப்புறம் அடுத்தவர். முப்பது கதவு வீடு என்றால் முப்பது கிளாஸ் காத்திருக்கிறது.

புதியவர் தடுமாறுகிற இடம் இதுதான். முதல் நாலு கிளாஸை மரியாதைக்காக ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, ஐந்தாவதில் விழிப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கையாலும் கிளாஸை வாங்குங்கள், கொடுப்பவர் முகத்தைப் பாருங்கள், ஒரு மிடறு அருந்துங்கள், "நியாமாய்" என்று சொல்லுங்கள். ருசியாக இருக்கிறது என்று பொருள். திருப்பிக் கொடுங்கள். "மிமிட் ஆஜா", கொஞ்சம் போதும், என்பதையும் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கப் பயன்படும். நீட்டுகிற கையைத் தட்டிவிடுவதும், கிளாஸைப் பார்க்காமலே தலையாட்டி நடந்துபோவதும்தான் மனதைப் புண்படுத்தும். மிச்சம் வைத்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. விழுந்து விழுந்து சிரித்து இன்னொரு சொட்டு ஊற்றப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சில வீடுகளில் பெண்கள் பந்துன் பாடிக்கொண்டு துவாக் கொடுப்பார்கள். உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்துக்கூடப் பாடலாம். பாட்டு முடியும்வரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். முடிந்ததும் அருந்துங்கள். எனக்குக் கவாயில் ரொம்பப் பிடித்தது இந்தக் காத்திருப்புதான். அறுபது வயது அம்மா ஒருவர், நேற்றுவரை முகம் தெரியாத ஒருவருக்காக வரி கட்டிப் பாடுகிறார். கையில் அவர் வீட்டு அரிசி. இதைப் பார்த்த பிறகு துவாக்கைச் சும்மா ஒரு சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

குடிக்காதவர்கள் என்ன செய்வது

மதம், மருந்து, கர்ப்பம், பழக்கமில்லை, எதுவாகவும் இருக்கட்டும். தயங்காமல் போகலாம். இபான் மக்களிடம் புனி என்று ஒரு நம்பிக்கை உண்டு. கொடுத்த உணவையோ பானத்தையோ தொடாமலே மறுத்துவிட்டுப் போனால் அந்த ஆளுக்கு வழியில் ஏதாவது கெடுதல் வரும் என்பது. சரவாக்கில் மற்ற இனத்தவரும் இதைக் கெம்புனான் என்று நம்புவதைப் பார்க்கலாம். அதற்கு வழியும் அவர்களே வைத்திருக்கிறார்கள். கிளாஸின் விளிம்பையோ தட்டின் ஓரத்தையோ விரல் நுனியால் தொட்டால் போதும். தொட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்து, நன்றி சொல்லுங்கள். உங்களுக்குக் கெடுதல் வரக்கூடாது என்கிற அக்கறையில்தான் அவர்கள் வற்புறுத்துகிறார்கள் என்பது புரிந்துவிட்டால், அந்த வற்புறுத்தல் தொல்லையாகவே தெரியாது. அழைத்த நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரே உங்களுக்காகப் பேசிவிடுவார். சிரப் தண்ணீரோ காப்பியோ வந்துவிடும். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மலேசியச் சட்டப்படி மது விற்கக் கூடாது. நம் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

இரவு நடப்பது

சாயங்காலம் சில வீடுகளில் முஆய் அந்து ருவா என்ற சடங்கு நடக்கும். பேராசை ஆவியை விரட்டுவது. முறம் போன்ற ஒரு கூடையை ருவாய் முழுக்க இழுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு குடும்பமும் வேண்டாத பொருளை அதில் போடும். கடைசியில் வீட்டுக் கோடியிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள்.

படையல் உள்ள வீடானால் பொழுது சாயும்போது மிரிங். பூவா கும்பு நெசவுத் துணி விரித்து, அதன்மேல் தட்டுகள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கும். புளுட் சோறு, நெற்பொரி, முட்டை, வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசியில் துவாக்கை ஊற்றுவார்கள். பெரியவர் ஒருவர் சேவலை அசைத்தபடி வேண்டுதல் சொல்வார். சேவலை அறுத்து அதன் ரத்தத்தைப் படையலில் தொடுவதும் உண்டு. வெற்றிலை பாக்கையும் பொரியையும் தெய்வத்துக்கு முன்னால் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் அந்நியம் தோன்றாது. தட்டைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மூங்கிலுக்குள் கோழியும் மரவள்ளி இலையும் அடைத்துத் தணலில் வேகவைத்த மானோக் பான்சோ கட்டாயம் இருக்கும். மூங்கிலில் சுட்ட புளுட் சோறான லெமாங், எண்ணெயில் பொரித்த பெங்ஙானான் இரி, வலைபோன்ற குவே ஜாலா இவையெல்லாம் துவாக்குக்கு நல்ல துணை. பன்றி இறைச்சி தாராளமாக இருக்கும், வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவக்காரர்களுக்குச் சோறும், மிடின் என்ற காட்டுப் பெரணிக் கீரையும் உண்டு. ஆனால் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள்.

நடு இரவில் கோங் அடிப்பார்கள். எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும். அந்தக் கணத்தில் அருந்தும் துவாக்குக்கு ஆய் பெங்ஙாயு, நீண்ட ஆயுளின் நீர், என்று பெயர். துவாய் ரூமா வாழ்த்துச் சொல்ல, கூடமே "காயு குரு, கெராய் நியாமாய்" என்று முழங்கும். நீடு வாழ்க, நலமும் வளமும் பெறுக என்பது கருத்து. நாள் முழுக்க ஒரு மிடறும் அருந்தாதவர்கள் கூட இந்த ஒன்றை உதட்டில் தொடுவார்கள். உங்கள் அளவை இதற்காக மிச்சம் வைத்திருங்கள். பத்து மணிக்கே சாய்ந்துவிட்டால் இந்த நேரம் போய்விடும், அது பெரிய நஷ்டம்.

அதற்குப் பிறகு ஙாஜாட் ஆட்டம், பாட்டு, விடிய விடிய. ஆடக் கூப்பிட்டால் எழுந்துவிடுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை. "ஊ… ஹா!" என்று கூவிக்கொண்டு கிளாஸை உயர்த்துவார்கள், சேர்ந்து கூவுங்கள். இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஒரு கிளாஸ் துவாக்குக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மறுநாள் தலை தப்பிக்கும்.

செய்து பார்க்க ஆசை வந்தால்

பெரும்பாலும் வந்துவிடும். முதலில் சட்டம். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்கே என்ன விதி என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். அதைவிட நல்லது, ஏப்ரல் கடைசியில் ஒரு விடுமுறை நாளில் இபான் வீட்டில் கூட உட்கார்ந்து ஒரு பானை போட உதவுவது. துவாக் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. பாட்டியிடமிருந்து மருமகளுக்கு வந்த பக்குவம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

ஒரு கிலோ புளுட் அரிசியைக் களைந்து நாலு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஆவியில் வேகவையுங்கள். பருக்கை உள்வரை வெந்திருக்க வேண்டும், குழையக் கூடாது. பெரிய தாம்பாளத்திலோ சுத்தமான பாயிலோ பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்படுவது இங்கேதான் நடக்கும். மேலே ஆறியிருக்கும், அடியில் கை வைத்தால் சூடு தெரியும். சூட்டில் ராகியைப் போட்டால் அதிலிருக்கிற பூஞ்சையும் ஈஸ்ட்டும் செத்துவிடும், சோறு கெட்டுத்தான் போகும். அடிவரை கைவிட்டுப் பார்த்து, குளிர்ந்த பிறகு தொடருங்கள்.

ராகி என்பது அரிசி மாவோடு மசாலாப் பொருள்கள் சேர்த்துத் தட்டிக் காயவைத்த வெள்ளை வில்லை. கூச்சிங் சாத்தோக் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். வீட்டிலேயே தட்டும் ராகியை இபான் மக்கள் சிப்பிங் என்பார்கள். ஒரு கிலோவுக்கு நாலைந்து வில்லையைப் பொடித்து, சல்லடையில் சலித்து, சோற்றின்மேல் தூவி, பருக்கை உடையாமல் உலர்ந்த கையால் பிரட்டுங்கள். வில்லைக்குள் இருக்கும் பூஞ்சை அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்கும். இரண்டு வேலையும் ஒரே பானையில் ஒரே சமயத்தில் நடக்கும். அதனால்தான் பார்லியை முளைகட்டுவது போன்ற தனி வேலை எதுவும் துவாக்குக்குத் தேவைப்படுவதில்லை.

கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் நிரப்புங்கள். இபான் வீடுகளில் இதற்குத் தஜாவ் என்ற பெரிய பீங்கான் சாடிகள் இருக்கும். பழையவை குடும்பச் சொத்து, தொட வேண்டாம். வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் சோறு நெகிழ்ந்து, அடியில் தித்திப்பான நீர் ஊறும், பழ வாசம் வரும். மெல்லிய வெள்ளைப் பூசணம் இருந்தால் பயமில்லை. கறுப்பு, பச்சை, ஆரஞ்சு நிறம் கண்டால் யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஐந்தாறு நாள் கழித்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சீனி போட்டுக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து அதில் ஊற்றுங்கள். இனி இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு வந்துகொண்டே இருக்கும். குமிழி அடங்கியதும் மெல்லிய துணியில் பிழியாமல் வடியுங்கள். பிழிந்தால் கலங்கிவிடும். பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் நாளாக ஆகத் தெளியும். முதல் பானை புளித்துப் போனால், பெரும்பாலும் பாத்திரச் சுத்தம்தான் காரணமாக இருக்கும்.

பாட்டில் கட்டிக் கொடுத்தால்

கிளம்பும்போது ஒரு பாட்டில் கையில் திணிப்பார்கள். பழைய மினரல் தண்ணீர் பாட்டிலாகத்தான் இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். காரில் வைத்தால் வெயிலில் மறுபடி பொங்க ஆரம்பிக்கும். வழியில் இரண்டு தரம் மூடியைத் தளர்த்தி வாயுவை விட்டுவிடுங்கள். உப்பிய பாட்டிலை முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் இந்தப் பாட்டிலைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெடித்துத் துணியெல்லாம் நாசமாகிவிடும். அதற்கு கூச்சிங் மெயின் பஜார் பக்கம் முத்திரையிட்ட கண்ணாடி பாட்டிலில் விற்கும் துவாக்தான் சரி. ரோசெல், டிராகன் பழம் என்று பல நிறத்தில் வைத்திருப்பார்கள். நான் சாதாரண அரிசித் துவாக்கையே எடுப்பேன். வீட்டில் கொடுத்த பாட்டிலை, கூச்சிங்கிலேயே அந்த வாரத்துக்குள் நண்பர்களோடு குளிரக் குளிரக் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.